சில்லர் வாசல்ல ஒரு சறுக்கல்: குதிங்காலுக்கு கிடைச்ச நேரம் எவ்ளோ?

சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சென்ட்ரல் கிச்சன், தொழிலாளர் தங்குற டோர்மிட்டரிகளுக்கு சாப்பாடு சமைச்சு அனுப்புற இடம், பேரு வேண்டாம். விடியக்காலை ஷிஃப்ட். ஜொகூர்லேர்ந்து தினமும் செக்பாயிண்ட் தாண்டி வேலைக்கு வர்ற ஒரு தம்பி, வெட்டி வச்ச கத்திரிக்கா டிரேயை சில்லர் ரூம்லேர்ந்து தூக்கிட்டு வெளிய வர்றாரு, வாசல்ல இருக்கிற குட்டி ரேம்ப்ல இறங்கி அடுப்பு பக்கமா திரும்புறாரு, குதிங்கால் முன்னாடி ஓடிருச்சு. பின்பக்கமா விழுந்து கைய ஊனினதுல மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஏ அண்ட் இ (அவசர சிகிச்சை), மாவுக்கட்டு, எம்சி (மருத்துவ விடுப்பு). 2020 செப்டம்பர்லேர்ந்து வேலைல அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்சின்னாலும் மனிதவள அமைச்சு எம்ஓஎம்-க்கு ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும், அது பண்ணியாச்சு. காரணம் என்னன்னு பாத்து எழுதிக் குடுக்கத்தான் என்னைய கூப்பிட்டாங்க.

சிசிடிவி பாத்தேன். தம்பி ஓடல, போன் பாக்கல, பேசிக்கிட்டும் வரல. சாதாரணமா நடந்து வர்றாரு, அவ்ளோதான். அதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடிதான் வேற ரெண்டு பேரு அதே இடத்துல நடந்து போயிருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

கேட்டவங்க ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொன்னாங்க. சமையல் மாஸ்டர், "பூட்ஸு தேஞ்சு போச்சு தம்பி, நான் அப்பவே சொன்னேன்"ங்கிறாரு. சூப்பர்வைசர் அண்ணன், "வெயிட்டு தூக்கிட்டு வந்தா வழுக்கத்தானே செய்யும்"ங்கிறாரு. முதலாளி தரைய தினமும் ரெண்டு தடவ மாப் போடுறோம்னு லாக் புக்க எடுத்து காட்டுறாரு. கிளீனிங் ஆன்ட்டி மட்டும் தரை ஈரமாவே இல்ல, காஞ்சுதான் இருந்துச்சுன்னு அடிச்சு சொல்றாங்க. இந்த நாலுல மூணு பாதி சரி, ஒண்ணு முழுசா தப்பு, அந்த தப்புலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

வெயிட்டு தூக்கினா வழுக்கும்ங்கிறது பாக்க நியாயமா தெரியும். ஆனா குதிங்கால் தரைல படும்போது ரெண்டு விசை இருக்கு, ஒண்ணு நேரா கீழ அழுத்துறது, இன்னொண்ணு முன்பக்கமா தள்ளுறது. வழுக்குமா வழுக்காதாங்கிறத முடிவு பண்றது இந்த ரெண்டோட விகிதம்தான். டிரே வெயிட்டு சேரும்போது கீழ அழுத்துறதும் கூடுது, முன்னாடி தள்ளுறதும் ஏறக்குறைய அதே அளவுக்கு கூடுது, விகிதம் பெருசா மாறாது. சமதரைல சாதாரணமா நடக்க இந்த விகிதம் 0.2 கிட்ட வரும், அதாவது உராய்வு எண் அதுக்கு மேல இருந்தா கால் நிக்கும். ரேம்ப்ல இறங்கும்போது சரிவையும் சேத்துக்கணும், பன்னெண்டுக்கு ஒண்ணு சரிவுன்னா இன்னும் 0.08, மொத்தம் 0.28 ஆயிருது. திரும்பும்போது பக்கவாட்டுலயும் கால் தரைய தள்ளுது, அதனால இன்னும் கொஞ்சம் வேணும். டிரே பண்ணின கெடுதல் வேற ரெண்டு: தம்பிக்கு காலடி தெரியல, வழுக்கும்போது கைய வீசி சமாளிக்கவும் முடியல.

சரி, தரை எவ்ளோ குடுத்துச்சு? இங்கதான் கதையே இருக்கு.

முதலாளி கெட்டிக்காரர், நான் 0.28 கணக்க சொன்னதும் உள்ள போயி லக்கேஜ் தூக்கி பாக்குற அந்த கைத்தராச எடுத்துட்டு வந்துட்டாரு. தம்பியோட பூட்ஸ் ஒண்ண விழுந்த இடத்துலயே வச்சு, அது மேல பத்து கிலோ அரிசி மூட்டைய ஏத்தி, தராச மாட்டி மெதுவா இழுத்தாரு. அஞ்சு கிலோவ தாண்டினப்பதான் பூட்ஸ் நகந்துச்சு. "பாத்தீங்களா? 0.5 இருக்கு. நீங்க கேட்டதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தரைல தப்பு இல்ல." கணக்கு சரிதான், பள்ளிக்கூடத்துல நமக்கு சொல்லிக் குடுத்த முறையும் இதேதான், கட்டைய வை, எடைய ஏத்து, இழு, வகு. 1699-ல பிரெஞ்சுக்காரர் அமோன்டோன் சொன்ன விதி, அவருக்கு சுமார் இருநூறு வருஷம் முன்னாடியே டாவின்சி நோட்டுல குறிச்சு வச்சிருந்த விஷயம்: உராய்வு எடைக்கு ஏத்த மாதிரி கூடும், தொடுற பரப்பு பெருசா சின்னதாங்கிறது கணக்குல வராது.

பரப்பு ஏன் கணக்குல வரலங்கிறதுக்கு சரியான பதில் ரொம்ப நாள் கழிச்சுதான் கிடைச்சுது. பவுடனும் டேபரும் கேம்பிரிட்ஜ்ல 1930கள் கடைசில காட்டினது என்னன்னா, வழவழன்னு தெரியுற ரெண்டு பரப்பும் மைக்ரான் அளவுல (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேடும் பள்ளமுமா இருக்கு, ஒண்ணு மேல ஒண்ண வச்சா அங்கங்க சில மேட்டு முனைகள் மட்டும்தான் நெசமா தொடுது. இரும்பு மேல இரும்ப வச்சு பத்து கிலோ ஏத்தினா நெசமா தொடுற பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு மாதிரிதான் வரும்! கண்ணுக்கு தெரியுற பரப்பு ஒரு சாண் இருக்கலாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எடைய ரெண்டு மடங்கு ஆக்கினா முனைகள் இன்னும் நசுங்கி தொடுற பரப்பும் ரெண்டு மடங்கு ஆகும், ஒட்டிக்கிட்ட அந்த முனைகள பிச்சு நகத்துறதுக்கான விசையும் ரெண்டு மடங்கு. அமோன்டோன் விதி அங்கேர்ந்து தானா வந்துருது.

பூட்ஸோட அடி ரப்பர், அது இன்னும் கொஞ்சம் வேற மாதிரி. ரப்பர் மெத்துன்னு மேடு பள்ளத்துக்குள்ள இறங்கி உக்காரும், ரெண்டு வழில பிடிக்கும்: நேரா தொட்டு ஒட்டுறது ஒண்ணு, மேடு மேல ஏறி இறங்கும்போது நசுங்கி விரிஞ்சு சக்திய உள்ளுக்குள்ளயே தின்னுறது இன்னொண்ணு. நடுவுல ஒரு மெல்லிசான திரவம் வந்துட்டா ஒட்டுறது உடனே போயிரும். ரெண்டாவது பிடி மட்டும் மிஞ்சும், அதுவும் தரையோட மேட்டு முனைகள் அந்த படலத்த கிழிச்சுட்டு மேல வந்து ரப்பர குத்தினாத்தான்.

இப்ப முதலாளி பண்ணின சோதனைய திரும்ப பாருங்க. பூட்ஸ வச்சாரு, மூட்டைய ஏத்தினாரு, தராச தேடி கொக்கிய மாட்டினாரு, நடுவுல ஒரு போன் வேற வந்து பேசினாரு. அவ்ளோ நேரமும் பத்து கிலோ மூட்டை அடில இருந்த படலத்த நசுக்கி வெளிய தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அவரு இழுக்கும்போது அடில படலமே மிச்சம் இல்ல, ரப்பரும் தரை ஓடும் (டைல்) நேரா தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அவரு அளந்தது சரியான அளவு, ஆனா தம்பியோட கால் பட்ட தரை அது இல்ல.

நடக்கும்போது குதிங்கால் தரைல பட்டு ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குக்குள்ள, சொல்லப்போனா அதுல பாதிக்குள்ளயே, வழுக்குமா இல்லையான்னு முடிவாயிரும். அந்த நேரத்துக்குள்ள படலம் வெளிய போயாகணும். எவ்ளோ நேரத்துல போகும்ங்கிறதுக்கு 1874-லயே கணக்கு இருக்கு, போட்டவர் வியன்னாவுல இருந்த யோசெஃப் ஸ்டெஃபான், சூடான பொருள் வீசுற வெப்பத்துக்கு ஒரு விதி படிச்சிருப்பீங்களே, அதே ஸ்டெஃபான்தான். ரெண்டு தட்டுக்கு நடுவுல மாட்டின திரவம் வெளியேற ஆகுற நேரம் எதெதுக்கு கூடும்னு அந்த கணக்கு சொல்லுது: திரவம் எவ்ளோ கெட்டியோ அவ்ளோ கூடும், தட்டு எவ்ளோ அகலமோ அதுக்கு பயங்கரமா கூடும், ஆரம் ரெண்டு மடங்கு ஆனா அதே அழுத்து விசைல நேரம் பதினாறு மடங்கு. பீக் அவர்ல எம்ஆர்டி ரயில் பெட்டில நடுவுல மாட்டினவரு கதவுக்கு வந்து சேர்றதுக்கும் கதவு பக்கத்துல நிக்கிறவரு இறங்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், நடுவுல இருக்கிற திரவம் ஓரம் வரைக்கும் அந்த இத்துனூண்டு சந்துல ஓடி வரணும்.

நம்பர போட்டு பாப்போம். தேஞ்சு வழவழன்னு ஆன குதிங்கால் ஓரத்துல ஒன்றரை சென்டிமீட்டர் ஆரத்துக்கு ஒரு தட்டையான வட்டம், அது மேல 30 கிலோ அழுத்தம், தரையோட மேட்டு முனைகள் ரப்பர தொடணும்னா படலம் 20 மைக்ரானுக்கு மெலியணும்னு வச்சுக்குவோம். தண்ணின்னா செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு போதும், கால் படுறதுக்கும் தண்ணி ஓடுறதுக்கும் சரியா இருக்கும். சமையல் எண்ணெய் தண்ணிய விட 70 மடங்கு கெட்டின்னு எடுத்தா 0.07 செகண்ட், குதிங்காலுக்கு கிடைக்கிற நேரத்தோட விளிம்புல வந்து நிக்குது. தரை தேஞ்சு மேடு பாதி உயரம் ஆயிருச்சுன்னா படலம் 10 மைக்ரானுக்கு மெலியணும், அதுக்கு நாலு மடங்கு நேரம், 0.28 செகண்ட். அதுக்குள்ள ஆளு தரைல. முதலாளியோட மூட்டைக்கு இந்த நேரமெல்லாம் ஒரு பொருட்டே இல்ல, போன் பேசி முடிக்கிறதுக்குள்ள எத்தனையோ தடவ ஓடி முடிச்சிருக்கும்.

அவருக்கு இதை வாயால சொல்லி புரிய வைக்க முடியல. அதே இடத்துல கொஞ்சம் எண்ணெய தடவி தண்ணிய தெளிச்சு, சூப்பர்வைசர் அண்ணன தராச பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்க சொல்லி, நகந்துக்கிட்டு இருக்கிற பூட்ஸ் மேல மூட்டைய இறக்க சொன்னேன். ரெண்டு கிலோவ தாண்டல. நிக்காம வழுக்கிக்கிட்டே வந்துச்சு. நகர ஆரம்பிச்சப்புறம் இன்னொரு கெடுதலும் சேருது, ஓடுற ரப்பர் முன்னாடி இருக்கிற திரவத்த தன் அடிக்கே இழுத்துக்கும், அது ஆப்பு மாதிரி உள்ள போயி ரப்பர தூக்கிப் பிடிக்கும். பேரிங்குக்குள்ள எண்ணெய் சுத்துற தண்டை மிதக்க வைக்கிறது இப்படித்தான்னு 1886-ல ரெனால்ட்ஸ் விளக்கினாரு. மெஷினுக்கு நல்லது, மனுஷனுக்கு இல்ல.

முன்னாடி போன ரெண்டு பேரு ஏன் விழலங்கிறதுக்கும் இங்கயே பதில் இருக்கு. நாம எல்லாருமே தினமும் கொஞ்சம் கொஞ்சம் வழுக்கிட்டுதான் நடக்கிறோம், ரெண்டு மூணு சென்டிமீட்டர் வழுக்கினா நமக்கு தெரியவே தெரியாது, பத்து சென்டிமீட்டர தாண்டினாத்தான் பொதுவா ஆளு விழுவாரு. வீடியோவ ஸ்லோவா ஓட்டி பாத்தா முன்னாடி போனவர்ல ஒருத்தரோட கால் லேசா தட்டி நிக்கிறது தெரியுது. அவரு கைய வீசிட்டு வெறுங்கையா போனாரு, பூட்ஸும் புதுசு.

சரி, ஆன்ட்டி காஞ்சிருந்துச்சுன்னு சொன்ன தரைல படலம் எங்கேர்ந்து வந்துச்சு?

ஒரு வெள்ளை டிஷ்யூவ எடுத்து அந்த ஓட்டுல அழுத்தி தேச்சேன். ஈரமா வந்துச்சு, லேசா மஞ்ச கறையோட. நாலடி தள்ளி நடைபாதை நடுவுல தேச்சா டிஷ்யூ காஞ்சுதான் வருது, மஞ்ச மட்டும் கொஞ்சம். சாப்பாட்டு சூடு பாக்குற இன்ஃப்ராரெட் கன் கிச்சன்ல எப்பவும் இருக்குமே, அத வாங்கி தரைய பாத்தா வாசல்ல 20 டிகிரிக்கு கீழ, நடுவுல 28 கிட்ட. சில்லர் கதவோட கேஸ்கெட், அதாவது காத்து போகாம அடைக்கிற ஓரத்து ரப்பர் பட்டை, அடிப்பக்கம் கிழிஞ்சிருக்கு. குளிர்ந்த காத்து கனமா இருக்கும், அந்த ஓட்டை வழியா இறங்கி தரையோட தரையா பரவுது. சிங்கப்பூர் காத்துல இருக்கிற ஈரத்துக்கு 24 டிகிரிக்கு கீழ எந்த பரப்பு போனாலும் அதுல பனி கோக்கும், அடுப்பு ஆவி நெறஞ்ச கிச்சன்ல அதுக்கும் முன்னாடியே. ஐஸ் டீ கிளாஸ் வெளிய வேர்க்கிறது எல்லாரும் பாக்கிறதுதான், தரை வேர்க்கிறத யாரும் குனிஞ்சு பாக்கிறதில்ல.

பொதுவா எண்ணெய் பட்ட தரைல தண்ணி முத்து முத்தா நிக்கும், கண்ணுக்கு தெரியும். இங்க மாப் போட்ட சோப்பு மிச்சம் தரைல இருந்ததால தண்ணி முத்து கட்டாம பரவி ஒரே படலமா ஆயிருச்சு, அதனாலதான் ஆன்ட்டி கண்ணுக்கு காஞ்ச மாதிரி தெரிஞ்சுது. அவங்க பொய் சொல்லல. எண்ணெய் வந்தது டீப் ஃப்ரையர்லேர்ந்து, பொரிக்கும்போது பறக்கிற எண்ணெய் புகை கிச்சன் முழுக்க போயி படியும், ஜில்லுன்னு இருக்கிற தரைல அது இன்னும் கெட்டியா உக்காரும். பாமாயில் குளிர்ல எப்படி கெட்டியாகும்னு கிச்சன்ல நிக்கிறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஸ்டெஃபான் கணக்குல கெட்டி கூடினா நேரமும் கூடும்.

மாப் விஷயம் இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப எரிச்சலான பகுதி. லாக் புக்ல ரெண்டு வேளையும் டிக் இருக்கு, ஒரே பக்கெட், ஒரே மாப், தண்ணில கொஞ்சம் சோப்பு, நெறைய பிளீச். பிளீச் கிருமிய கொல்லும், எண்ணெய அது எடுக்காது, ஆனா வாசனை வந்தா சுத்தமாயிருச்சுன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஃப்ரையர் பக்கத்துல தொட்ட மாப்ப அப்படியே இழுத்துக்கிட்டு சில்லர் வாசல் வரைக்கும் வந்தா என்ன நடக்கும், எண்ணெய சமமா பங்கு போட்டு குடுத்த மாதிரிதான். எண்ணெய கரைக்கிற டிகிரீசர ஊத்தினா அது கொஞ்ச நேரம் தரைல ஊறணும், அப்புறம் கட்டை பிரஷ் போட்டு தேச்சு, சுடுதண்ணி விட்டு, ஸ்குவீஜியால (தண்ணி தள்ளுற ரப்பர் கட்டை) டிரெயின்ல தள்ளணும். ஊத்தின கையோட துடைச்சா அந்த சோப்பே இன்னொரு வழுக்கல். இதுல ஆன்ட்டி மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அந்த ஷிஃப்ட்ல அவங்களுக்கு குடுத்த நேரத்துல மாப் மட்டும்தான் போட முடியும்.

ஓட்டு தரைய பத்தி. புதுசுல சொரசொரப்பா இருந்த ஓடு, சில்லர் வாசல்ல டிராலி எல்லாம் திரும்புற இடத்துல மட்டும் தேஞ்சு பளபளன்னு ஆயிருச்சு, குனிஞ்சு லைட்ட எதிர்ல வச்சு பாத்தா அரைவட்டமா அந்த பளபளப்பு தெரியுது. பிரிட்டன்ல பயன்படுத்துற ஒரு கணக்குப்படி சுத்தமான தண்ணி சிந்துற தரைக்கு 20 மைக்ரான் மேடு பள்ளம் போதும், ஆலிவ் ஆயில் மாதிரி எண்ணெய்க்கு 70 வேணும். டெஸ்ட் பண்ண வந்த கான்ட்ராக்டரோட மீட்டர்ல அந்த அரைவட்டம் 20-ஐயே தொடல. பெண்டுலம் டெஸ்டும் பண்ணினாங்க, ஒரு ரப்பர் துண்ட ஊசல் கைல மாட்டி வீசி விடுவாங்க, அது சுமார் 12 சென்டிமீட்டர் தரைய தேச்சுட்டு போகும், தொடுற நேரம் செகண்ட்ல இருபதுல ஒரு பங்குதான், அதாவது குதிங்காலுக்கு கிடைக்கிற அதே நேரம். அதனாலதான் ஈரத் தரைக்கு இந்த டெஸ்ட்ட நம்பலாம், மூட்டைய வச்சு இழுக்கிறத நம்பக்கூடாது. 36-க்கு மேல வந்தா வழுக்குற ஆபத்து கம்மி, 25-க்கு கீழன்னா அதிகம். நடைபாதை நடுவுல காஞ்ச தரை 36-ஐ நல்லா தாண்டுச்சு, சில்லர் வாசல் 25-க்கு கீழ.

பூட்ஸ்க்கு வருவோம், மாஸ்டர் சொன்னது சரி. தம்பியோட பூட்ஸ் குதிங்கால் பின் ஓரம் தேஞ்சு ஒரு திட்டு தட்டையா ஆயிருக்கு, மிச்சம் இருந்த பள்ளத்துல மைதா மாவும் எண்ணெயும் சேந்து அடைச்சு கெடக்கு, பல் குத்துற குச்சிய விட்டு எடுக்க வேண்டியதா போச்சு. சோல்ல கட்டம் கட்டமா வெட்டி வைக்கிறது அழகுக்கு இல்ல. மொத்த பரப்பும் அழுத்தமும் அதேதான்னாலும் ஒரே திட்ட 25 துண்டா வெட்டினா திரவம் வெளியேற ஆகுற நேரம் 25-ல ஒரு பங்கா குறையுது, 0.28 செகண்ட் கிட்டத்தட்ட 0.01 ஆயிருது. தேஞ்ச தரைலயே, அதே எண்ணெய்லயே. பூட்ஸ் மாத்துறதுதான் இருக்கிறதுலயே மலிவான வைத்தியம், அத யாரும் பண்ணல.

இன்னொண்ணு, அந்த பூட்ஸ் அடில ஆயில் ரெசிஸ்டன்ட்னு எழுதியிருக்கு, முதலாளி அத காட்டி காட்டி பேசினாரு. எண்ணெய் பட்டா சோல் ஊறி கெட்டுப் போகாதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், வழுக்காதுன்னு இல்ல. வழுக்காத பூட்ஸ்க்கு தனி டெஸ்ட் இருக்கு, பழைய முறைல சோப்பு தண்ணி ஊத்தின ஓட்டுலயும் கிளிசரின் தடவின இரும்புத் தட்டுலயும் பண்ணினாங்க, ரெண்டும் தேறினா எஸ்ஆர்சின்னு போட்டிருக்கும், 2022-க்கு அப்புறம் வந்த முறைல எஸ்ஆர்னு குறி வேற மாதிரி வரும். வாங்கும்போது அதத்தான் பாக்கணும்.

ரிப்போர்ட்ல எழுதின காரணம்: கிழிஞ்ச கேஸ்கெட்னால தரை குளுந்து பனி கோத்தது, பிளீச் மாப் எண்ணெய பரப்பினது, டிராலி தேச்ச ஓடு, தேஞ்ச பூட்ஸ், ரேம்ப்லயே திரும்ப வேண்டிய பாதை. எதாவது ஒண்ணு இல்லாம இருந்திருந்தாலும் அன்னிக்கு தம்பியோட கால் மூணு சென்டிமீட்டர்ல நின்னிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. கவனக்குறைவுன்னு ஒரு வரி சேக்க சொன்னாங்க, சேக்கல. வீடியோவுல அது இல்ல. எம்ஓஎம் வருஷா வருஷம் போடுற அறிக்கைல வழுக்கி விழுறதும் தடுக்கி விழுறதும் மேல இடத்துலதான் இருக்கு, அதுல எத்தனை பேரோட ரிப்போர்ட்ல இந்த ஒரு வரியோட விஷயத்த முடிச்சிருப்பாங்களோ.

கேஸ்கெட் மாத்தின அன்னிக்கு சாயங்காலமே டிஷ்யூ காஞ்சு வந்துச்சு, இருக்கிறதுலயே சீக்கிரம் பலன் குடுத்தது அதுதான். டிகிரீசர், பிரஷ், ஸ்குவீஜி வந்தாச்சு, ஷிஃப்ட் முடியும்போது தரைக்குன்னு தனியா நேரம் ஒதுக்கியாச்சு. ஃப்ரையர் பக்கத்து மாப்புக்கு சிவப்பு கைப்பிடி, அது அந்த எல்லைய தாண்டக்கூடாது. ஓட்டுக்கு மருந்து தடவி சொரசொரப்பாக்கிடலாமான்னு முதலாளி கேட்டாரு, வீட்டு வாரியம் எச்டிபி 2012-ல ஆரம்பிச்ச ஈஸ் திட்டத்துல வயசானவங்க வீட்டு பாத்ரூமுக்கு வழுக்காம இருக்க பண்ணிக் குடுக்கிறாங்களே, அவரோட அம்மா வீட்டுலயும் பண்ணினாங்களாம். பாத்ரூம்ல தண்ணி, அதுக்கு அது நல்லா வேலை செய்யும். எண்ணெய்க்கு அந்த சின்ன சொரசொரப்பு பத்தாது, ரெண்டு நாள்ல எண்ணெய் அதுக்குள்ளயே ஏறி உக்காந்துக்கும். வாசல்ல மட்டும் ஓட்ட பேத்துட்டு மணல் கலந்த ரெசின் தரை போட சொல்லிருக்கேன், ரேம்ப்ப நீட்டி, இறங்கி முடிச்சப்புறம் திரும்புற மாதிரி மேஜைய தள்ளி வைக்கவும் சொல்லிருக்கேன்.

மேஜை நகந்துருச்சு. ரெசினுக்கு கொட்டேஷன் வந்து முதலாளி பேரம் பேசிக்கிட்டு இருக்காரு. பாத்திரம் கழுவுற இடத்துக்கு போற வழில பெண்டுலம் 30 கிட்ட காட்டின இன்னொரு திட்டு இருக்கு, அதையும் அதே கொட்டேஷன்ல சேக்க சொல்லி அனுப்பிருக்கேன், இன்னும் பதில் வரல.